ஹேக்குக்குப் போன இரண்டு கேள்விகள்

2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் பருவநிலை மாற்றம் குறித்த தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. தி ஹேக் நகரின் அமைதி மாளிகையில் நீதிமன்றத் தலைவர் யூஜி இவாசாவா அதை வாசித்து முடிக்கச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் வகுப்பறையில் தொடங்கியது உலக நீதிமன்றம்வரை போய் வென்றது என்று செய்திகள் எழுதின. உண்மைதான். ஆனால் கதை அந்த வகுப்பறையில் தொடங்கவில்லை. அதே தீவுகளிலிருந்து, அதே நீதிமன்றத்துக்கு, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கேள்வி போயிருந்தது. அதைக் கொண்டுபோனவர்களில் முன்னே நின்றவர்கள் பெண்கள். அவர்கள் பெற்றுத் தந்த ஒரு பத்தியின் மேல் நின்றுதான் மாணவர்கள் பேசினார்கள். அந்தத் தொடர்ச்சியைத் தமிழில் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் நாகர்கோவிலில் வழக்கறிஞர். வார இறுதிகளில் சட்ட மாணவர்களுக்குச் சர்வதேசச் சட்டம் சொல்லித் தருகிறேன். பிறந்தது குமரி மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில். கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு மனுக் கொடுப்பதும், அது வந்தபின் பக்கத்து ஊரில் கடலரிப்பு கூடிவிட்டது என்று அவர்கள் மனுக் கொடுப்பதும் பார்த்து வளர்ந்தவள். மனு என்பது எங்கே போகிறது, யார் கையில் சேர்ந்தால் பதில் வரும் என்பதில் எனக்கு அப்போதிலிருந்தே அக்கறை உண்டு.

முதலில் வழிமுறையைச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச நீதிமன்றத்தில் தனி மனிதர் வழக்குப் போட முடியாது. மாணவர் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம் எதுவும் முடியாது. நாடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழக்குத் தொடுக்கலாம். இன்னொரு வழியும் இருக்கிறது: ஐ.நா. பொதுச் சபையோ, உலக சுகாதார நிறுவனம் போன்ற அமைப்போ ஒரு சட்டக் கேள்வியை அனுப்பி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம். ஆகவே சாமானியர் ஒருவர் அந்த மாளிகையில் பேச வேண்டுமானால் மூன்று காரியம் நடக்க வேண்டும். ஓர் அரசு அவர் பேச்சைத் தன் பேச்சாக ஏற்க வேண்டும். அந்த அரசு மற்ற நாடுகளைத் திரட்ட வேண்டும். கேள்வியின் சொற்கள், நீதிமன்றம் தட்டிக்கழிக்க முடியாதபடி அமைய வேண்டும். மூன்றும் பசிபிக்கில் இரண்டு முறை நடந்தன. இரண்டு முறையும் வனுவாட்டு என்ற சின்னஞ்சிறு நாடு முன்வரிசையில் இருந்தது.

1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா மார்ஷல் தீவுகளின் பிகினி பவளத் திட்டில் 15 மெகாடன் ஆற்றலுள்ள ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. காற்று கிழக்கே ரோங்கலாப் தீவின் பக்கம் வீசியது. வெள்ளைச் சாம்பல் அங்கே மழைபோல விழுந்தது. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். லிஜோன் எக்னிலாங் என்ற சிறுமிக்கு அப்போது எட்டு வயது. இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். 1957-இல், இனி ஆபத்தில்லை என்று சொல்லித் திரும்பக் குடியேற்றினார்கள். அதன்பின் பெண்களுக்குக் கருச்சிதைவுகள். எலும்பு இல்லாமல், கண்ணாடிபோன்ற தோலோடு, மூச்சு மட்டும் சிறிது நேரம் ஓடி அடங்கும் குழந்தைகள். அந்தத் தீவுப் பெண்கள் அவற்றை ஜெல்லி மீன் குழந்தைகள் என்று அழைத்தார்கள். 1946 முதல் 1958 வரை அந்த நாட்டில் மொத்தம் 67 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன.

வெட்கமும் துக்கமுமாக வீட்டுக்குள் கிடந்த இந்தச் செய்தியை வெளியே கொண்டுவந்தவர்கள் பெண்கள். டார்லின் கேஜு என்ற மார்ஷல் தீவுப் பெண் 1983-இல் கனடாவின் வான்கூவரில் உலகத் திருச்சபைகளின் மன்றக் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னார். பிரசவம் பற்றிய பேச்சைப் பொது மேடையில் வைப்பது அவர்கள் சமூகத்தில் எளிதாக இருந்திருக்காது. நம் ஊரிலும் எளிதில்லை. எந்த அரசாங்க அறிக்கையிலும் இல்லாத சான்று அது. தாய்மார்களிடம் மட்டுமே இருந்தது.

இதே காலத்தில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஹரோல்ட் எவன்ஸ் என்ற ஓய்வுபெற்ற நீதித்துறை நடுவர், அணு ஆயுதம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று உலக நீதிமன்றத்தையே கேட்டுவிடலாமே என்று அரசுகளுக்குத் திறந்த மடல் எழுதினார். அதே ஊரைச் சேர்ந்த கேட் டியூஸ் என்ற அமைதி இயக்கப் பெண் அந்த யோசனையை ஊர் ஊராக, நாடு நாடாகச் சுமந்தார். 1992-இல் ஜெனீவாவில் அது உலக நீதிமன்றத் திட்டம் என்ற இயக்கமானது. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்தார்கள். இனி வேண்டியது கேள்வியைத் தன் பெயரில் எடுத்துச் செல்லும் ஓர் அரசு.

அங்கேதான் ஹில்டா லினி வருகிறார். வனுவாட்டின் பெந்தெகொஸ்தே தீவுக்காரர். 1980-இல் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கூட்டு ஆட்சியிலிருந்து நாடு விடுதலை பெற்றபோது முதல் பிரதமரான வால்டர் லினியின் தங்கை. 1987 தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்வான இரண்டு பெண்களில் ஒருவர். 1991-இல் சுகாதார அமைச்சர். ஆண்டுதோறும் சுகாதார அமைச்சர்கள் கூடும் உலக சுகாதார நிறுவனத்தின் ஜெனீவா மாநாட்டுக்கு அவர் போயாக வேண்டும். அங்கே அணுகுண்டைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. ஆனால் தன் நாட்டை ஆண்ட பிரான்ஸ் அதே பெருங்கடலின் மொருரோவா திட்டில் 1966 முதல் குண்டு வெடித்து வந்ததைப் பார்த்த தலைமுறை அவர். அணு எதிர்ப்பு இயக்கத்தில் வளர்ந்தவர். அணு ஆயுதப் பயன்பாட்டின் உடல்நலக் கேடுகளைப் பார்க்கும்போது அது சர்வதேசச் சட்டத்தை மீறியதாகுமா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் தீர்மானத்துக்காக அவர் மற்ற நாட்டுப் பிரதிநிதிகளைத் திரட்டினார். அணு ஆயுத நாடுகள் எதிர்த்தன. இது மருத்துவர்களின் வேலையில்லை என்றன. 1993 மே 14 அன்று தீர்மானம் 73-க்கு 40 என்ற வாக்கில் நிறைவேறியது. பத்து நாடுகள் வாக்களிக்கவில்லை.

இந்த முயற்சியின் அருமையை என் மாணவர்களுக்கு விளக்கும்போது நான் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். குண்டு என்றால் அது ராணுவ அமைச்சர்களின் விஷயம் என்று உலகம் பிரித்து வைத்திருந்தது. குண்டு விழுந்தால் புண்ணுக்கு மருந்து போடுகிறவர், கருவைச் சுமக்கிறவர், தண்ணீர் பிடிக்கிறவர் யாருக்கும் அதில் பேச்சில்லை. சுகாதார அமைச்சர் ஒருவர் தன் துறையின் கதவைத் திறந்து அந்தக் கேள்வியை உள்ளே விட்டதால் அந்தப் பிரிவினை உடைந்தது. மறுவருடம் டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையும் அதே பொருளில் தன் கேள்வியை அனுப்பியது. உலகெங்கும் சேகரித்த கிட்டத்தட்ட நாற்பது லட்சம் கையொப்ப அறிக்கைகள் ஹேக்குக்குப் போய்ச் சேர்ந்தன.

1995 அக்டோபர் கடைசியில் விசாரணை தொடங்கியது. ஹிரோஷிமா, நாகசாகி மேயர்கள் சான்று சொன்னார்கள். நவம்பரில் லிஜோன் எக்னிலாங் எழுந்தார். தனக்கு ஏழு கருச்சிதைவுகள் நேர்ந்ததையும், ஜெல்லி மீன் குழந்தைகளையும், நீதிபதிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஆண்டுதான் அந்த நீதிமன்றத்துக்கு முதன்முறையாக ஒரு பெண் நீதிபதி, ரோசலின் ஹிகின்ஸ், வந்திருந்தார். மற்ற இருக்கைகளில் எல்லாம் ஆண்கள்.

கருத்து 1996 ஜூலை 8 அன்று வந்தது. சுகாதார நிறுவனத்தின் கேள்வி அந்த நிறுவனத்தின் அதிகார எல்லைக்குள் வராது என்று சொல்லி நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. பொதுச் சபையின் கேள்விக்குப் பதில் சொன்னது. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டத்துக்கு மாறானது; ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்தில் இருக்கும் தற்காப்பு நிலையில் எப்படி என்று திட்டவட்டமாகச் சொல்ல இயலவில்லை. இந்தக் கூறு ஏழுக்கு ஏழு வாக்கு; தலைவரின் கூடுதல் வாக்கால் நிறைவேறியது. கொழும்பிலிருந்து போன நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி இதற்கு உடன்படவில்லை. எந்த நிலையிலும் சட்டவிரோதமே என்று நீண்ட மாறுபட்ட கருத்து எழுதினார். மார்ஷல் தீவுப் பெண்ணின் சாட்சியத்தை அதில் பதிந்து வைத்தார். மறுவருடம் டான்யூப் நதி அணை வழக்கில் தன் தனிக் கருத்தில் இலங்கையின் பழைய குளங்களையும் வாய்க்கால்களையும் சான்றாகக் காட்டி, இயற்கையைக் கெடுக்காத வளர்ச்சி என்பது நேற்று வந்த எண்ணம் அல்ல என்று எழுதியவரும் அவர்தான். ஏரி வெட்டி வாழ்ந்த நம் பக்கத்து ஞானம் அந்த நீதிமன்றத்தின் ஏடுகளில் இருக்கிறது என்பதைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அணு ஆயுதத்தை ஒழிக்கும் தீர்ப்பாக 1996-இன் கருத்து அமையவில்லை. அன்று பலர் மனமுடைந்தார்கள். ஆனால் அதன் 29-ஆம் பத்தியில் நீதிமன்றம் ஒன்றை முதன்முறையாகத் தெளிவாகச் சொன்னது. சுற்றுச்சூழல் என்பது வெறும் கருத்துரு அல்ல, இன்னும் பிறக்காத தலைமுறை உள்பட மனிதர்கள் வாழும் இடம். தன் எல்லைக்குள் நடக்கும் செயல்கள் பிற நாடுகளின் சுற்றுச்சூழலைக் கெடுக்காதபடி பார்த்துக்கொள்வது ஒவ்வொரு நாட்டின் பொதுவான சட்டக் கடமை. பிறக்காத தலைமுறை என்ற சொற்கள் அந்தப் பத்தியில் வந்ததற்கும், சில மாதங்களுக்கு முன் அந்த அறையில் ஒரு தாய் பேசியதற்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இதற்கிடையே பருவநிலைப் பக்கம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1992-இல் ரியோவில் கையெழுத்தான பருவநிலை உடன்படிக்கையில் பெண்கள் என்ற சொல்லே இல்லை. 2001 மராகேஷ் மாநாட்டில்தான் பெண்களின் பங்கேற்பு பற்றி முதல் முடிவு எடுத்தார்கள். இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழுவாக முழு அங்கீகாரம் கிடைக்க 2011 ஆயிற்று. சிறு தீவு நாடுகளின் கூட்டணிக்கு முதலில் தலைமை ஏற்ற வனுவாட்டு, கடல் மட்டம் உயர்வதால் வரும் இழப்புக்குப் பணக்கார நாடுகள் ஒரு காப்பீட்டு நிதி வைக்க வேண்டும் என்று 1991-லேயே கேட்டது. இழப்பு நிதி என ஒன்றுக்கு ஒப்புக்கொள்ள 2022 வரை இழுத்தார்கள். 2011-இல் பலாவ் தீவின் அதிபர் பருவநிலைக் கேள்வியை ஹேக்குக்கு அனுப்பலாம் என்று ஐ.நா.வில் அறிவித்தார். பெரிய நாடுகளின் நெருக்கடியில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2014-இல் மார்ஷல் தீவுகளின் இளம் கவிஞர் கேத்தி ஜெட்னில் கிஜினர் தன் கைக்குழந்தைக்கு எழுதிய கவிதையை ஐ.நா. பருவநிலை மாநாட்டின் தொடக்கத்தில் வாசித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டலோடு சரி.

அந்த நிலையில்தான் 2019 மார்ச் மாதம், வனுவாட்டின் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு இருக்கும் எமாலுஸ் வளாகத்தில் 27 மாணவர்கள் ஒரு பாடத்தை எடுத்துப் பேசினார்கள். ஆசிரியர் ஜஸ்டின் ரோஸ். பருவநிலை நீதிக்குச் சட்டத்தில் எந்த வழி அதிக தூரம் போகும் என்பது பயிற்சி. மனித உரிமை ஆணையம், மண்டல நீதிமன்றம் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டு, உலக நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்து என்ற முடிவுக்கு வந்தார்கள். பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பருவநிலை மாற்றத்தை எதிர்த்துப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள் என்று பெயர் வைத்துச் சங்கம் தொடங்கினார்கள். சாலமன் தீவுகளின் சாலமன் யோ, சிந்தியா ஹௌனியூஹி முன்னே நின்றார்கள். பின்னால் ஃபிஜியின் விஷால் பிரசாத் சேர்ந்தார். தீவு நாட்டுத் தலைவர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்கள்.

வனுவாட்டின் வெளியுறவு அமைச்சர் ரால்ஃப் ரெகன்வானு அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் துவாலுவில் கூடிய பசிபிக் தீவுகள் மன்றத்தில் யோசனையை முன்வைத்தார். தலைவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு கொரோனா எல்லைகளை மூடியது. 2020 ஏப்ரலில் ஹெரால்ட் புயல் வனுவாட்டைச் சிதைத்தது. மாணவர்கள் படிப்பு முடித்து, வேலை தேடி, ஊர் திரும்பி, அறுந்து அறுந்து இணையும் இணைய இணைப்பில் கூட்டம் நடத்தினார்கள். மற்ற கண்டங்களின் இளைஞர்களோடு சேர்ந்து உலக அளவில் இன்னோர் அமைப்பைக் கட்டினார்கள். 2021 செப்டம்பரில் வனுவாட்டு அரசு இது தன் கொள்கை என்று அறிவித்தது. குவாம் தீவின் வழக்கறிஞர் ஜூலியன் அகுவோன், மார்கரேத்தா வெவெரிங்கே சிங் ஆகியோர் சட்ட வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

வனுவாட்டுக்குள் பெண்கள் செய்துவந்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். போர்ட் விலா சந்தையில் கிழங்கும் வாழையும் விற்கும் பெண்களை ஊரே மாமா என்று அழைக்கும். அங்கே அது அம்மாவைக் குறிக்கும் சொல். 2015 மார்ச்சில் பாம் புயல் தோட்டங்களைப் பிடுங்கிப் போட்டபோது அவர்கள் வருமானம் ஒரே இரவில் போனது. வீட்டுக்கு உணவும் தண்ணீரும் தேடுவது அவர்கள் தலையில் விழுந்தது. அந்தப் புயலுக்குப்பின் கிராமப் பெண்கள் கூடிப் பேசும் வட்டங்கள் உருவாயின. புயல் எச்சரிக்கையை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பதை அவர்கள் கையில் எடுத்தார்கள். சிறு நாட்டு அரசு ஒன்று உலகத்தை எதிர்த்து நிற்கும்போது அதற்குப் பின்பலம் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வருகிறது. 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பின் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களில் எங்கள் கடற்கரைப் பெண்கள் எத்தனை பேர் என்பதை நேரில் பார்த்தவள் என்பதால் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. கடலில் போனவர்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை எடுத்துச் செல்ல ஓர் அரசு கிடைக்கவில்லை.

2023 மார்ச் தொடக்கத்தில் ஜூடி, கெவின் என்ற இரு புயல்கள் சில நாள் இடைவெளியில் வனுவாட்டைத் தாக்கின. நாடு அவசர நிலையில் இருந்தது. அதே மாதம் 29-ஆம் தேதி நியூயார்க்கில் பொதுச் சபை கேள்வியை ஒருமனதாக ஹேக்குக்கு அனுப்பியது. 132 நாடுகள் அதைக் கூட்டாக முன்மொழிந்திருந்தன. கேள்விக்கு இரண்டு பகுதி. இன்றைய, வருங்காலத் தலைமுறைகளுக்காகப் பருவநிலையைக் காக்க நாடுகளுக்கு என்ன கடமை? செய்ததாலோ செய்யத் தவறியதாலோ பெருங்கேடு விளைவித்த நாடுகளுக்குச் சட்ட விளைவு என்ன? ‘செய்யத் தவறியது’ என்ற சொல்லைக் காப்பாற்ற எத்தனை இரவு வாதாடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒரு வழக்கறிஞருக்கு அது தெரியும்.

2024 டிசம்பர் 2 அன்று விசாரணை தொடங்கியது. 96 நாடுகளும் 11 அமைப்புகளும் பேசின. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அவ்வளவு பேர் வந்ததில்லை. முதல் நாள், முதல் அமர்வு, வனுவாட்டுக்கும் மெலனேசிய நாடுகளுக்கும். அதில் சிந்தியா ஹௌனியூஹி தன் மண்ணின் மரபுத் தலையணி அணிந்து எழுந்தார். முன்னோரிடமிருந்து வாங்கியதைப் பின்வருவோரிடம் கொடுத்துச் செல்வது புனிதமான ஒப்பந்தம், அதை நிறைவேற்ற முடியாதபடி கடல் செய்கிறது என்ற பொருளில் பேசினார். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு 1995 நவம்பர்தான் நினைவில் ஓடியது. இந்த முறை மேடைக்கு மேலே பதினைந்து இருக்கைகளில் நான்கில் பெண்கள் இருந்தார்கள்.

இந்தியாவும் பேசியது. வரலாற்று நோக்கில் கரியை அதிகம் கக்கியவர்களே முதலில் பொறுப்பேற்க வேண்டும் என்றது; அது முழு நியாயம். அடுத்து, பருவநிலை உடன்படிக்கைகளில் உள்ளதைத் தாண்டி நீதிமன்றம் புதுக் கடமைகளை உண்டாக்கக் கூடாது என்றது. இதை நான் ஏற்கவில்லை. 1995-இல் இதே நீதிமன்றத்தில் அணு ஆயுதம் சட்டவிரோதம் என்று எழுத்துமூலம் வாதிட்ட நாடு நம்முடையது. அன்றைய குரலை இன்றும் எதிர்பார்த்தேன்.

2025 ஜூலையில் பதினைந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கருத்துச் சொன்னார்கள். உடன்படிக்கைகள் மட்டுமே சட்டம் என்ற பெரிய நாடுகளின் வாதத்தைத் தள்ளினார்கள். பிற நாட்டுக்குக் கேடு செய்யாதிருக்கும் பொதுக் கடமை உடன்படிக்கையில் சேராத நாட்டுக்கும் உண்டு என்றார்கள். அதற்கு ஆதாரங்களில் ஒன்றாக 1996-இன் 29-ஆம் பத்தியைக் காட்டினார்கள். புவி வெப்ப உயர்வுக்கு 1.5 டிகிரி வரம்பு என்பது விருப்பமாக இல்லாமல் அளவுகோலாயிற்று. கடல் ஏறி நிலம் மூழ்கினாலும் ஒரு நாடு நாடாக இல்லாமல் போய்விட வேண்டியதில்லை என்றதைக் கேட்டபோது துவாலுவில், மார்ஷல் தீவுகளில் எப்படி இருந்திருக்கும்! ஹில்டா லினி அதைக் கேட்க இல்லை. இரண்டு மாதம் முன்பு, மே மாதம் போர்ட் விலாவில் காலமாகிவிட்டார்.

ஆலோசனைக் கருத்து எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் உள்நாட்டு நீதிமன்றங்களில் வாதத்துக்கு எடுத்து வைக்கலாம். அதில் 427-ஆம் பத்தியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்றவற்றை எடுப்பது, எரிப்பது மட்டுமின்றி, அவற்றைத் தேட உரிமம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும்கூட ஒரு நாட்டின் சர்வதேசக் கடமை மீறலாகலாம் என்கிறது அது. குமரிக் கடலில் ஆழ்கடல் எரிவாயு ஆய்வுக்கு ஒன்றிய அரசு பகுதி ஒதுக்கியதை எதிர்த்து எங்கள் கரையில் கூட்டங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. எங்கள் ஊர்த் திருச்சபையின் அன்பியக் கூட்டத்துப் பெண்கள், கிராம சபையில் கொடுக்கும் மனுவில் அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள். என் மாணவி ஒருத்தி தமிழில் எழுதினாள். அதற்குப் பிறகு இன்னொரு வேலையும் சொன்னார்கள்: சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் இருவரில் யார் இதைத் தன் கேள்வியாக அவையில் கேட்பார் என்று விசாரித்து, இருவரிடமும் நேரம் வாங்கித் தர வேண்டுமாம். ஒருவரிடம் நேரம் கிடைத்திருக்கிறது.